14 ஆண்டுகளாக நின்றுபோன பிக்கப்: குறைந்த செலவில் வீட்டிலேயே மீட்க எங்கிருந்து தொடங்குவது?

நான்குசக்கரம் (கேள்வி)

வணக்கம். என் தந்தையார் ஓட்டிய பிக்கப் வண்டி ஒன்று 14 ஆண்டுகளாகக் கொட்டகையில் நிற்கிறது. கார்புரேட்டர் வைத்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். கடைசியாக அவர் கொண்டுவந்து நிறுத்திய நாளில் குறையின்றி ஓடியது. அதன் பிறகு யாரும் சாவியைத் தொடவில்லை. இப்போது டயர்கள் காற்றிறங்கித் தரையோடு படிந்துவிட்டன. ஓட்டுநர் காலடித் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. முன்பக்கக் கப்பியைக் கையால் திருப்பிப் பார்த்தேன், என்ஜின் அசையவே இல்லை.

என்னிடம் ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு ஜாக்கியும் வார இறுதி நாட்களும் இருக்கின்றன. பணம் ஒரேயடியாகப் போட இயலாது, மாதாமாதம் சிறிது ஒதுக்கலாம். முதலில் வெளித்தகட்டைத் தேய்த்து பெயின்ட் அடித்துவிட்டால் பார்க்கும்போதெல்லாம் ஊக்கம் பிறக்கும் என்று ஒரு எண்ணம். கேபினையும் பின்பெட்டியையும் இறக்கி, வெறும் சேசிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) வரை பிரித்துவிட்டு, அடியிலிருந்து முறையாகக் கட்டிக்கொண்டு வரலாம் என்று இன்னொரு எண்ணம். எது சரியென்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பட்டறைநிழல்

தந்தையார் ஓட்டிய வண்டியை மீட்க நினைப்பது நல்ல காரியம். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு வழிகளில் எதையும் இப்போது தொட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். பெயின்ட் என்பது கடைசி வேலை. அதை முதலில் செய்தால், பிறகு வெல்டிங் வைக்கும்போது அந்தப் பெயின்ட் கருகும். பிரேக் ஆயில் சிந்திய இடத்தில் உரியும். செலவழித்த பணத்தை நீங்களே தேய்த்து எடுக்க வேண்டிவரும்.

முதலில் தெரிந்தாக வேண்டியது, சேசிஸ் உயிரோடு இருக்கிறதா என்பதுதான். கேபினும் பின்பெட்டியும் தனித்தனியாகச் சேசிஸின் மேல் போல்ட்டால் உட்காரும் அமைப்பு என்பதால், தகடு இற்றுப்போனால் மாற்றிக்கொள்ளலாம். சேசிஸ் இற்றுப்போனால் இந்தத் திட்டத்தின் கணக்கே மாறிவிடும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட அடியில் நீட்டாதீர்கள். பிறகு ஒரு சிறு சுத்தியலால் சேசிஸின் இரு நீளத் தண்டுகளையும் முன்னிருந்து பின்வரை சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடம் சொத்தென்று மழுங்கிய ஓசை தரும், துருச் செதில்களும் உதிரும். அந்த இடத்தைச் சாக்கட்டியால் குறித்துவிட்டு, ஸ்குரூ டிரைவரின் நுனியால் அழுத்திக் குத்திப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் மாட்டும் பிடிகள், பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்தெழும் பகுதி, கேபின் உட்காரும் ரப்பர்களின் அடி ஆகியவற்றை இருமுறை பாருங்கள். சேற்றை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு அங்கேதான் இரும்பு இறந்துபோகும்.

முழுவதும் பிரிப்பதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் முதன்முதலில் எடுத்த வண்டியை ஒரே மாதத்தில் வெறும் சேசிஸாக்கிவிட்டேன். பிரிப்பதற்குச் செலவில்லை என்பதால் வேலை வேகமாக நடப்பதுபோல் தோன்றியது. பூட்டத் தொடங்கியபோது ஒவ்வொரு போல்ட்டுக்கும், ஒவ்வொரு ரப்பருக்கும் பணம் கேட்டது. எது எங்கிருந்து வந்தது என்பதும் மறந்துபோயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து அதை அப்படியே துண்டுகளாக விற்றேன், இன்றும் அந்த வருத்தம் இருக்கிறது. சேசிஸ் நன்றாக இருந்தால் வண்டியைச் சக்கரங்களின் மேலேயே வைத்துக்கொண்டு, ஒரு பகுதியைக் கழற்றி, சரிசெய்து, திரும்பப் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் முன் படம் எடுங்கள், போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் இட்டு இடத்தின் பெயரை எழுதுங்கள்.

பணத்தைப் பிரேக், ஸ்டீயரிங், டயர், எரிபொருள் குழாய் ஆகியவற்றில் தயங்காமல் போடுங்கள், இவற்றில் பழைய பொருள் வேண்டாம். கதவு, முன்மூடி, விளக்கு, இருக்கைச் சட்டம் போன்றவற்றை உடைத்து விற்கும் வண்டிகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. உங்களுடையது 14 ஆண்டுகள் நின்றிருப்பதால், பட்டன் (தரையில் படும் பக்கத்தின் வரிப்பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த ரப்பரை நம்பிச் சாலையில் ஏற வேண்டாம்.

பழையஇரும்பு

மேலே நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். என்ஜினைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இறுகிப்போன என்ஜினை ஸ்டார்ட்டரால் திருப்பவோ, கியரில் போட்டு இழுக்கவோ செய்யாதீர்கள். பெரும்பாலும் சிலிண்டர் சுவரில் பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள இரும்பு வளையம்) ஒட்டியிருக்கும் அளவுதான் கோளாறு இருக்கும். அவசரப்பட்டால் ரிங் உடையும், பிஸ்டனும் கெடும்.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஊடுருவும் எண்ணெயோ ஆட்டோமேடிக் கியர் ஆயிலோ இரண்டு மூன்று கரண்டி ஊற்றி மூடி வையுங்கள். தினமும் சிறிது சேருங்கள். ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் கப்பியின் (நீங்கள் கையால் திருப்பிப் பார்த்த முன்பக்கக் கப்பி) நடு போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, போல்ட் இறுகும் திசையில் மெதுவாக அழுத்துங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் போதும். சற்றுப் பின்னால் விட்டு மறுபடி அழுத்துங்கள். விடவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். நான் ஒரு என்ஜினுக்கு மூன்று வாரம் காத்திருந்தேன், பதினேழாம் நாளில்தான் முதல் அசைவு வந்தது. முழுச் சுற்று சுற்றியதும் வால்வு மூடியைத் திறந்து, ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊற்றியதெல்லாம் கீழே வடிந்திருக்கும் என்பதால், ஓடவிடும் முன் என்ஜின் ஆயிலையும் பில்ட்டரையும் மாற்றியாக வேண்டும்.

அதன் பிறகு கம்ப்ரஷன் மீட்டரை (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கருவி) இரவல் வாங்கியாவது அளந்து பாருங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி, ஸ்டார்ட்டரை ஐந்தாறு சுற்று சுற்றவிட்டால், நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் என்ஜினில் சுமார் 120 முதல் 170 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வரை காட்டும். மொத்த எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளவிடுங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் என்ஜினைப் பிரிப்பது வீண் செலவு.

பழைய பெட்ரோல் இத்தனை ஆண்டுகளில் பிசினாகியிருக்கும். டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வரை, முதல் முயற்சிக்குத் தனிப் பாத்திரத்திலிருந்து புதிய பெட்ரோலைக் குழாய் வழியே கார்புரேட்டருக்குக் கொடுங்கள். காலியான டேங்கில் தங்கிய ஆவி நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. அதன் அருகே வெல்டிங்கும் தீப்பொறியும் கூடவே கூடாது.

துருவெட்டி

காலடி ஓட்டையைச் சிறிதாக எண்ணாதீர்கள். தரைவிரிப்பை எடுத்துவிட்டுச் சுற்றிலும் தட்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தகடு போயிருக்கும். அதன் மேல் பைபர் துணியை ஒட்டி, பட்டி போட்டு மூடுவது மிக மலிவான வழியாகத் தோன்றும். ஆனால் அடியில் ஈரத்தைப் பூட்டி வைத்ததுபோல் ஆகி, இரண்டே ஆண்டுகளில் ஓட்டை பெரிதாகத் திரும்பி வரும். பளபளக்கும் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுங்கள். அட்டையை அந்த இடத்தில் வைத்து வடிவம் பார்த்து, அதே வடிவில் சுமார் 1 மில்லிமீட்டர் தகட்டை வெட்டிக்கொள்ளுங்கள். தொடர்ச்சியாக வெல்டிங் இழுத்தால் தகடு நெளியும். இங்கொரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும். வெல்டிங்கைத் தொடங்கும் முன் பேட்டரியையும் இருக்கையையும் விரிப்பையும் வெளியே எடுத்து, தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கதவுக்குக் கீழே ஓடும் கேபின் ஓரச் சட்டம் இற்றிருந்தால், என்ஜினுக்கு முன்பே அதைக் கவனிப்பது நல்லது. அதை வெட்டும்போது கதவு வாயிலுக்குக் குறுக்கே ஒரு இரும்புத் தண்டைத் தற்காலிகமாகப் பொருத்தாவிட்டால், கேபின் இறங்கி, பிறகு கதவு சாத்தாது.

நான்குசக்கரம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களில் செய்தவற்றைச் சொல்கிறேன். சேசிஸ் முழுவதையும் தட்டிப் பார்த்தேன். வலப்புறம் முழுதும் கணீரென்றது. இடப்புறம் பின் ஸ்பிரிங்கின் முன்பிடிக்கு மேலே ஓசை மழுங்கியது. ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கியது, இரண்டு விரல் அகலத்துக்குச் செதிலாக உதிர்ந்தது. என்ஜின் ஒன்பதாம் நாள் விட்டுக்கொடுத்தது. கம்ப்ரஷன் 135, 130, 105, 132. மூன்றாவதில் ஆயில் விட்டதும் 128 ஆயிற்று. பிரேக் பெடல் தரைவரை இறங்குகிறது. அடுத்து என்ன செய்யலாம்?

பட்டறைநிழல்

மிக நல்ல செய்தி. மூன்றாவது சிலிண்டரில் ரிங் ஒட்டியிருக்கலாம். சில மணி நேரம் ஓடிய பிறகு விடுபட்டு எண் ஏறுவதும் உண்டு. இப்போது என்ஜினைப் பிரிக்க வேண்டாம், ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அந்தச் சேசிஸ் ஓட்டையை மட்டும் நீங்களே பழகிப் பார்க்கும் இடமாக ஆக்காதீர்கள். வண்டியின் பின்பாரமும், பிரேக் பிடிக்கும்போது வரும் தள்ளலும் அந்தப் பிடியில்தான் விழுகின்றன. பின்பெட்டியை இறக்கி, துருவைச் சுரண்டி, இடத்தைத் திறந்து வைப்பது வரை நீங்கள் செய்யுங்கள். இற்ற இரும்பை வெட்டி, அதே கனமுள்ள தகட்டை வைத்து இணைப்பதற்குச் சேசிஸ் வேலை தெரிந்த வெல்டரை அழையுங்கள். உங்கள் பணத்தில் கூலிக்கென்று கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

அதற்குள் பிரேக்கைத் தொடங்கலாம். டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், ஆகவே நனைத்துத் துடைத்து எடுங்கள். நான்கு வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) எல்லாவற்றையும் புதிதாக்குங்கள். துருவேறிய இரும்புக் குழாயையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அதற்கான குறைந்தபட்சத் தர அளவு 155 டிகிரிதான். எனவே திறந்து பல நாளான புட்டியைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை வகையாக இருந்தால், ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரமும் பிடிக்காது. இரட்டை அறை வகை உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். பொருந்தினால், பெயின்ட்டுக்கென ஒதுக்கியதை அதற்குத் திருப்புங்கள்.

எல்லாம் பூட்டியபின், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி, பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தும் அது இறங்காமல் நின்றால், சமதளத்தில், நடை வேகத்தில் முதலில் ஓட்டிப் பார்க்கலாம்.

நான்குசக்கரம்

பின்பெட்டியின் எட்டு போல்ட்டுகளில் ஐந்து கழன்றுவிட்டன. மீதி மூன்றுக்கும் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். வெல்டரிடம் அடுத்த சனிக்கிழமைக்குச் சொல்லியாயிற்று.