டுவெல் டைம்: ‘கிடப்பு நேரம்’ என்றே வைப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

கொள்கலன் முனையச் சொற்கள் பற்றிய இந்த இழையில் ‘டுவெல் டைம்’ என்பதற்குத் தங்கு நேரம், தரிப்பு நேரம், தாமத நேரம் என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. மூன்றாவதை முதலில் விலக்கிவிடுவோம். கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி (கொள்கலனைத்தான் சொல்கிறேன்) முனைய வாயிலைத் தாண்டும்வரை, அல்லது வேறு கப்பலில் ஏறும்வரை, முற்றத்தில், அதாவது பெட்டிகளை அடுக்கிவைக்கும் திறந்த வெளியில், இருக்கிற மொத்த நேரம்தான் டுவெல் டைம். சுங்கப் பரிசோதனை நேரமும் அதற்குள் வரும். கொழும்பில் இறங்கும் பெட்டிகளில் பெரும்பகுதி வேறு கப்பலில் ஏறி வேறு நாட்டுக்குப் போகிறவை. அடுத்த கப்பல் வரும்வரை அவை இருந்துதானே ஆகவேண்டும்? அதைத் தாமதம் என்பது சரியில்லை.

‘தரிப்பு’ நல்ல சொல். பஸ் தரிப்பிடம் என்று இலங்கையில் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் வந்து நின்று, பிறகு தானே புறப்படுகிற ஒன்றுக்குத்தான் அது பொருந்தும். அதைக் கப்பலுக்கு வைத்துக்கொள்வோம்: துறையில் கட்டியிருக்கும் நேரம் தரிப்பு நேரம். பெட்டிக்கு என் தெரிவு கிடப்பு நேரம். “சாமான் இன்னும் கொழும்பு ஹாபரிலதான் கிடக்குது” என்றுதான் திருகோணமலையில் கடைக்காரரும் லொறிக்காரரும் பேசுகிறார்கள்.

> கோப்பைக் கிடப்பில் போடுவது என்கிறோமே, இது பழிச்சொல்லாகத் தொனிக்காதா?

இப்படி ஒருவர் இழையில் கேட்டிருந்தார். தொனிக்காது என்பதே என் எண்ணம். வள்ளம் கரையில் கிடக்கிறது என்றால் யாரையும் குறை சொன்னதாகாது. அந்த வழக்கில் பழி ‘போடுதல்’ என்ற வினையில் இருக்கிறது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், முனையத்தின் வினைத்திறன் பெரும்பாலும் இந்த ஒரு அளவில் தொங்குகிறது என்பதுதான். (தமிழகத்து நண்பர்கள் செயல்திறன் என்பதை நாங்கள் வினைத்திறன் என்கிறோம். இரண்டும் இருக்கட்டும்.) முற்றத்தில் 1,000 பெட்டிக்கு இடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக் கிடப்பு 5 நாளானால் ஆண்டுக்கு 73,000 பெட்டிகள் வந்துபோகலாம். 10 நாளானால் 36,500 தான். ஒரு அடி நிலம் குறையவில்லை, ஒரு பாரந்தூக்கி பழுதாகவில்லை, ஆனாலும் முனையம் பாதியாகிவிட்டது.

நடைமுறையில் இன்னும் மோசம். இடம் போதாதபோது பெட்டிகளை உயர உயர அடுக்குவார்கள். நான்கு அடுக்கில் அடியில் இருப்பதைக் கேட்டு ஒரு லொறி வந்து நிற்கிறது. மேலே உள்ள மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்து அடுக்குகளில் வைத்த பிறகுதான் அது கையில் வரும். பக்கத்து அடுக்கில் வைத்ததும் நாளைக்கு வேறொன்றை மறித்துக்கொண்டு நிற்கும். இந்தப் பயனற்ற அசைவுக்கு ‘வீண் தூக்கல்’ என்று பெயரிடுவோம். முற்றத்துப் பாரந்தூக்கி வீண் தூக்கலில் மாட்டிக்கொண்டால், கப்பலடியிலிருந்து பெட்டியோடு வந்த வண்டி வரிசையில் நிற்கும், வண்டி திரும்பாததால் கப்பலடிப் பாரந்தூக்கி வேலையில்லாமல் காத்திருக்கும், தரிப்பு நீளும், வெளியே நங்கூரமிட்ட கப்பல் உள்ளே வரமுடியாது. கடைசியில் “தொழிலாளர் மெதுவாக வேலை செய்கிறார்கள்” என்று பேச்சு வரும். தரிப்பையும் கிடப்பையும் ஒரே ‘தாமதம்’ என்ற சொல்லுக்குள் திணித்தால் இந்த அநியாயப் பேச்சுக்குப் பதில் சொல்லவே வழியிருக்காது.

அடுத்தது ‘டெமரேஜ்’. தாமதக் கட்டணம் என்று இங்கே ஏற்கெனவே முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. அதைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திருகோணமலைக்குக் கோதுமையும் கிளிங்கரும் (சீமெந்து அரைக்கும் மூலப்பொருள்) பெட்டியில்லாமல், கப்பல் வயிற்றில் கொட்டிய சரக்காகவே வருகின்றன. கார்த்திகை, மார்கழி மழையில் கோதுமைக் கப்பலின் மூடியைச் சாத்திவிட்டால் இறக்கல் நிற்கும். ஒப்பந்தப்படி இறக்க வேண்டிய காலம் கடந்தால் கப்பலை வாடகைக்கு எடுத்தவர் உரிமையாளருக்குக் கட்டுவது டெமரேஜ். மழை நேரம் அந்தக் கணக்கில் சேருமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. இது கப்பலுக்கான பணம். கொள்கலனில் அப்படியில்லை. கட்டணமில்லாமல் வைத்திருக்க விடும் இலவச நாட்கள் முடிந்தும் பெட்டி முனையத்தில் இருந்தால் இறக்குமதியாளர் கட்டுவதும் டெமரேஜ்தான். வேறு ஆள், வேறு கணக்கு. எனவே முதலாவதைத் தரிப்பு மிகைக் கட்டணம் என்றும், இரண்டாவதைக் கிடப்புக் கட்டணம் என்றும் பிரிக்கலாம்.

மிஞ்சுவது ‘டிடென்ஷன்’. பெட்டியை வெளியே கொண்டுபோய், வெறும் பெட்டியைக் குறித்த நாளில் திருப்பிக் கொடுக்காததற்கு வாங்கும் பணம். ‘தடுப்புக் கட்டணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இங்கே ‘தடுப்பு’ என்றால் தடுப்புக்காவல்தான் ஞாபகத்துக்கு வரும், அது வேண்டாம். ‘பெட்டி மீளளிப்புக் கட்டணம்’ என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று வாசிப்பவர் நினைத்துவிடுவார். ‘திருப்பல் தாமதக் கட்டணம்’ எப்படி? தாமதம் என்ற சொல் உண்மையிலேயே பொருந்துகிற இடம் இதுதான்.