மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் புழுக்கை கொடுத்து உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. செம்மறி ஆடுகளின் குடற்புழுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். மேச்சேரி, ஓமலூர், மேட்டூர் பக்கம் பட்டி வைத்திருப்பவர்களின் உதவி வேண்டும்.

ஹீமாங்கஸ் என்ற புழு ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். பெண் புழு சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் மாதிரி இருக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். போன மாதம் ஒரு அம்மா மடியில் வைத்திருந்த குட்டியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் காகிதமாய் வெளுத்திருந்தது, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. இரண்டு முறை குடற்புழு மருந்து ஊற்றினாராம்.

மருந்து இன்னும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊற்றும் நாளில் 10 ஆடுகளின் புழுக்கை, 14 நாள் கழித்து அதே ஆடுகளுடையது. தரையில் கிடப்பது ஆகாது, நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். புழுக்கையில் இருக்கும் புழு முட்டைகள் 95 சதவீதமாவது குறையாவிட்டால் புழு மருந்துக்குப் பழகிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். முடிவை முதலில் உங்களிடம்தான் சொல்வேன்.

அடுத்து மருந்து ஊற்றும் தேதியைக் கீழே எழுதுங்கள். அப்புறம், ஆடு சோர்ந்திருந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்; உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.