வளைவில் மூக்கு திரும்பாத வண்டி: கரி டிராக்கிலும் ஏற்காட்டு மலையிலும் பட்டவை

ஐந்து ரோட்டிலிருந்து:

டிராக் நாளுக்கு, அதாவது சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்க விடும் நாளுக்கு, போய்வரும் சேலத்துக்காரர்கள் அவரவர் அனுபவத்தை எழுதச் சொல்லியிருந்தீர்கள். என்னுடையது அண்டர்ஸ்டியர் கதை. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி மூக்கைத் திருப்பாமல் வெளிப்பக்கமாகவே போய்க்கொண்டிருக்குமே, அதுதான்.

என் வண்டி முன்சக்கரம் இழுக்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக். கோவை பக்கம் செட்டிபாளையத்தில், பந்தய வீரர் கரிவரதன் பெயரில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குத்தான் முதலில் போனேன். விடியற்காலை நாலு மணிக்குக் கொண்டலாம்பட்டி தாண்டி, சங்ககிரி, பவானி, அவிநாசி வழியாகப் பயணம். சுற்று சுமார் 2 கிலோமீட்டர்தான். நாலாவது சுற்றிலேயே முன் டயர்கள் கத்த ஆரம்பித்துவிட்டன. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் தொட்டால் போதும், வண்டி வெளி ஓரத்துக்கு ஓடியது.

திரும்பி வந்ததும் நான் செய்தது பெரிய தப்பு. வண்டியைத் தாழ்த்தினால் ஒட்டிக்கொண்டு போகும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். நம்பி, முன்னும் பின்னும் குட்டை ஸ்பிரிங் போட்டேன். முன்பக்கம் கல் மாதிரி இறுகிப் போனது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த தடவை டிராக்கில் முன்பைவிட மோசம்.

ஏன் அப்படி ஆனது என்று புரிந்துகொள்ளவே எனக்கு மாதக்கணக்கானது. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. அந்தப் பாரத்தில் முன் அச்சு எவ்வளவு சுமக்கிறது, பின் அச்சு எவ்வளவு சுமக்கிறது என்பதை இரண்டின் விறைப்பும் தீர்மானிக்கின்றன. எந்த அச்சு அதிக விறைப்போ, அதன் வெளி டயர்தான் அதிகம் நசுங்கும், பிடியையும் முதலில் விடும். நான் காசு கொடுத்து முன்பக்கத்தை விறைப்பாக்கியிருக்கிறேன்! போதாததற்கு, என் வண்டியைப்போல் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக நிற்கும் தூண்) உள்ள வண்டியை அளவுக்கு மீறித் தாழ்த்தினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிப் போய்விடுகிறது. அதற்கப்புறம் வண்டி சாயச் சாய டயரும் வெளிப்பக்கம் சாய்ந்து, அதன் வெளி ஓரத்தில்தான் நிற்கும்.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடுத்த டிராக் நாளில் ஒரு சாக்பீஸ் எடுத்துப் போனேன். முன் டயர்களின் ஓரத்தில், தரையில் படும் பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரை குறுக்கே கோடு போட்டேன். என் டயரின் பக்கச்சுவரில் சின்ன முக்கோணக் குறி ஒன்று உண்டு. தேய்வு அதுவரை வந்தால் சரி. ஐந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து குனிந்து பார்த்தேன். முக்கோணத்தையும் தாண்டி ஒரு விரற்கடை அளவுக்குச் சாக்பீஸ் அழிந்திருந்தது. ரப்பர் சிறு சிறு உருண்டையாகத் திரண்டு நின்றது. டயரின் உள்பாதியோ வேலையே செய்யாததுபோல் சுத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும், அதையும் நோட்டில் எழுதிவைத்து. முதலில் ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிணைக்கும் போல்ட் ஒன்றுக்குப் பதில் கேம்பர் போல்ட். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்; மைனஸ் என்றால் மேல்பக்கம் வண்டிக்கு உள்ளே சாய்ந்திருக்கிறது. மைனஸ் 0.3 டிகிரியில் இருந்த முன் கேம்பர் மைனஸ் 1.6 வரை வந்தது. என்னைக் கேட்டால் இந்த ஒரு மாற்றம்தான் பாதி வியாதியைத் தீர்த்தது. அடுத்தது காற்று. காலையில் 32 பிஎஸ்ஐ வைத்துப் போனால் ஓட்டிய சூட்டில் 38 காட்டும். அதனால் சூடாக இருக்கும்போதே அளந்து, முன்பக்கத்தை 34க்கு இறக்கினேன், பின்பக்கத்தை 36இல் விட்டேன். கடைசியாகத்தான், பின் அச்சின் விறைப்பைக் கூட்ட, பின் சக்கரங்களை இணைக்கும் பீமில் கூடுதல் ஸ்டெபிலைசர் பார் (வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பி). அதற்கப்புறம் வண்டி கேட்டபடி திரும்புகிறது. புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து ஸ்பிரிங்கில் ஆரம்பிக்காதீர்கள்.

அம்மாபேட்டையிலிருந்து:

நான் அலைன்மென்ட் வேலை பார்க்கிறவன். அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். ஸ்ட்ரட் போல்ட்டில் கேம்பரை மாற்றினால் டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், கலைந்துவிடும். ஒருவர் கேம்பர் போல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டு, டோ பார்க்காமலே ஓட்டியிருக்கிறார். என்னிடம் வந்தபோது முன் டயர் இரண்டின் உள்பக்கமும் தேய்ந்து நூல் தெரிந்தது. வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரிதான் இருந்தது. கையை உள்ளே விட்டுத் தடவியபோதுதான் அவருக்கே தெரிந்தது. கேம்பர் முதலில், டோ கடைசியில். ஓட்டுகிறவர் எடைக்கு டிரைவர் சீட்டில் மணல் மூட்டை வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஏற்காடு அடிவாரத்திலிருந்து:

அண்ணா, எனக்கு நடந்தது வேறு மாதிரி. நானும் பின்பக்கம் பார் போட்டிருந்தேன், டிராக்கில் அருமையாக இருந்தது. ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, இருபது கொண்டை ஊசி வளைவில் ஒன்றில் கொஞ்சம் வேகமாக நுழைந்துவிட்டேன். பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். பின்பக்கம் அப்படியே சுழன்று வெளியே வந்துவிட்டது. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. எதிரே பஸ் வராதது யார் செய்த புண்ணியமோ. பக்கத்து சீட்டில் அம்மா இருந்தார்கள். வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து ரோட்டிலிருந்து:

தம்பி, படிக்கவே பதறுகிறது. காலை எடுத்ததும் பாரம் முன்னால் போய்விட்டது, பின் டயர்கள் லேசாகிவிட்டன. ஈர ரோடு, அதற்கு மேல் பாரின் விறைப்பும் சேர்ந்தால் பின்பக்கம் நிற்காது. டிராக்கில் சுழன்றால் மண்ணில் போய் நிற்போம், மலையில் அந்த இடம் கிடையாது. நான் டிராக் முடிந்ததும் பாரைக் கழற்றிவிடுவேன். நாலு போல்ட், கால் மணி நேர வேலை. காற்றையும் கதவில் ஒட்டியிருக்கும் அளவுக்கே திரும்ப வைத்துவிடுவேன். இந்த மழை முடியும்வரை நீங்களும் கழற்றியே வையுங்கள். ஸ்பானர் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள், என் வீட்டு வாசலிலேயே கழற்றிவிடலாம்.