டயலிசிஸ் போட்ட மறுநாளே அமிலேஸ் படுத்துவிட்டது, ஏன்?

எச்சில்புராணம்:
எம்.எஸ்சி. பிராஜெக்டுக்கு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியான எச்சில் அமிலேஸ் எடுத்திருக்கிறேன் (தங்கை இன்னும் சிரிக்கிறாள்). அம்மோனியம் சல்ஃபேட்டில் வீழ்படிவாக்கி, சலைனில் (உப்புநீர்) கரைத்து, உப்பு மட்டும் கசிந்து வெளியேறும் டயலிசிஸ் பையில் கட்டி, கோல்டு ரூமில் ராத்திரி முழுக்க டிஸ்டில்டு வாட்டரில் போட்டேன். மூன்று முறை தண்ணீர் மாற்றினேன். முந்தின நாள் டிஎன்எஸ் (சர்க்கரை உண்டானால் நிறம் மாறும் சோதனை) நல்ல செம்பழுப்பு. காலையில் நொதியில்லாத பிளாங்க் குழாய் மாதிரியே மஞ்சள். 5 மில்லி ஊற்றிய பை 9 மில்லியாக உப்பிக்கிடந்தது. புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் தின்றிருக்கும் என்கிறார் கைடு. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஐஸ்பெட்டி:
முதலில் டிஎன்எஸ்ஸைச் சந்தேகப்படும்மா. அளவு தெரிந்த மால்டோஸ் சர்க்கரை ஸ்டாண்டர்டு ஒன்று கொதிக்க வைத்து, 540 நானோமீட்டரில் பார்த்தாயா? பை உப்பினதால் நீர்த்திருக்கும், ஆனால் இரண்டு மடங்குகூட இல்லையே, அதற்கெல்லாம் நிறம் அடியோடு போகாது. கடைசியாக மாற்றிய தண்ணீரில் இரண்டு சொட்டு பேரியம் குளோரைடு விட்டுப் பார். வெள்ளையாகக் கலங்கினால் சல்ஃபேட் இன்னும் இருக்கிறது.

எச்சில்புராணம்:
மால்டோஸில் நிறம் வருகிறது அக்கா. பேரியம் விட்டும் கலங்கவில்லை, உப்பு சுத்தமாகப் போய்விட்டது.

பழையபிப்பெட்:
போகக்கூடாத உப்பும் சேர்ந்து போயிருக்கிறது தங்கச்சி. எச்சில் அமிலேஸுக்குக் குளோரைடு வேண்டும்; அந்த அயனி வினைமையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நொதி ஒழுங்காக ஓடும். எச்சிலில் அது தானாகவே இருக்கிறது, நீ போட்ட சலைனிலும் இருந்தது, அதனால் முந்தின நாள் தெரியவில்லை.

உன் பாஸ்பேட் பஃபரில் (20 மில்லிமோலார், பிஎச் 6.9) சோடியம் குளோரைடு 6.7 மில்லிமோலார் சேர், அதாவது லிட்டருக்கு 0.39 கிராம். உப்பில்லாத பஃபரில் இன்னொரு குழாயும் வை. அதன் பிஎச்சைச் சரிசெய்ய ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிவிடாதே, அந்த வழியாகவும் குளோரைடு நுழைந்துவிடும். நான் ஒருமுறை அப்படிச் செய்து ஒரு வாரம் குழம்பியிருக்கிறேன். இடிடிஏ பக்கமும் போகாதே, நொதிக்கு வேண்டிய கால்சியத்தைப் பிடுங்கிவிடும். ஆமாம், இந்த முறை யாருடைய நோட்டிலிருந்து எடுத்தது?

எச்சில்புராணம்:
சீனியர் நோட்டு. அவர் பார்த்தது ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே.

பழையபிப்பெட்:
சரிதான். பூஞ்சை அமிலேஸுக்குக் குளோரைடு தேவையில்லை. அவருக்கு ஓடியது உனக்கு ஓடாது.

எச்சில்புராணம்:
இன்று மதியம் போட்டேன். முதலில் அயோடின் (மாவுச்சத்து மிச்சமிருந்தால் கருநீலம்): உப்பில்லாத குழாய் கருநீலமாகவே நிற்கிறது, உப்புள்ளது இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிட்டது! டிஎன்எஸ் ரீடிங் உப்பில்லாததில் 0.07, உப்புள்ளதில் 0.52. ரீடிங்கைக் காட்டினேன், கைடு ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார். நாளை உப்புப் போட்ட பஃபரிலேயே டயலிசிஸ். பையிலும் பாதி இடம் காலியாக விட்டுத்தான் முடிச்சுப் போடப்போகிறேன்.