கோடூ சேர்த்த பிறகு மூட்டை எடை தவறாக வருகிறது

ஜவ்வரிசிக்காரன், சேலம்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆலையில் தராசிலிருந்து எடையை வாங்கிப் பதியும் நிரலில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு இஃப் (if) நிபந்தனைகள் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, பிழை நேர்ந்தால் கடைசியிலுள்ள லேபிளுக்கு, அதாவது பெயரிட்ட இடத்துக்கு, நேரே தாவும்படி கோடூ (goto) கட்டளை எழுதினேன். இப்போது எடை கண்டபடி வருகிறது, பிறகு நிரலே நின்றுவிடுகிறது. காலையில் லாரி வந்துவிடும். கோடூவே கூடாது என்பது உண்மைதானா?

இருபதாவது வளைவு, ஏற்காடு:
எந்த மொழி? நிற்கும்போது திரையில் என்ன செய்தி வருகிறது?

குகைக்காரர்:
தராசைக் கணினியோடு இணைக்கும் சீரியல் போர்ட்டின் வேகத்தைப் பாருங்கள். தராசு விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்ப, நிரல் வேறு வேகத்தில் படித்தால் இப்படித்தான் குப்பை வரும். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது முறை இதுவே காரணம்.

மூத்த நிரலர்:
தம்பி, கோடூ தீங்கானது என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968இலேயே ஓர் இதழுக்குக் கடிதம் எழுதி எச்சரித்துவிட்டார். அடிப்படையைப் படிக்காமல் ஆலை நிரலில் கைவைக்கலாமா?

இருபதாவது வளைவு, ஏற்காடு:
ஐயா, அந்தக் கடிதத்தின் கடுமையான தலைப்பு இதழாசிரியர் நிக்லாஸ் விர்த் வைத்தது. கோடூ எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று 1974இல் கணினி அறிஞர் க்னூத் நீண்ட கட்டுரையே எழுதினார். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் எழுத்துநடை விதிகளும், பல இடங்களிலிருந்து வெளியேறும் செயற்கூற்றில் (function) நினைவகத்தை விடுவிப்பது போன்ற பொதுவான துப்புரவு வேலை இருந்தால் கோடூ உதவும் என்கின்றன.

மூத்த நிரலர்:
கெர்னல் எழுதுவோருக்கு உரியதை எல்லோருக்கும் சொல்லாதீர்கள். ஜாவா மொழியில் கோடூ என்ற சொல்லை ஒதுக்கிவைத்தார்களே தவிர, பயன்படுத்த விடவில்லை.

ஜவ்வரிசிக்காரன், சேலம்:
மன்னிக்கவும், சி மொழி. ஒரே நினைவகத்தை இருமுறை விடுவித்ததாகச் செய்தி வருகிறது. பழைய நிரல் அதே தராசில் சரியாக ஓடுகிறது. கடைசிப் பகுதி இதுதான்: எடையைப் பஃபர் என்ற நினைவகப் பகுதியில் எழுதுகிறேன், அடுத்த வரி 'விடுவி' என்ற லேபிள், அதன் கீழே அந்தப் பஃபரை விடுவிக்கும் ஃப்ரீ, பிறகு அழைத்த இடத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன்.

இருபதாவது வளைவு, ஏற்காடு:
அங்கேதான் சிக்கல். லேபிள் என்பது வழியோரப் பெயர்ப்பலகைதான், சோதனைச் சாவடி அன்று. பிழையே நேராவிட்டாலும் நிரல் அதைக் கடந்து கீழே இறங்கி, எடை எழுதிய பஃபரை விடுவித்துவிடுகிறது. அழைத்த செயற்கூறு அதைப் படிக்கும்போது குப்பை கிடைக்கிறது. தானும் விடுவிக்க முயலும்போது நிரல் நிற்கிறது. லேபிளுக்கு முன்னால், வெற்றிக்கென்று தனியாக ஒரு ரிட்டர்ன் எழுதுங்கள்.

மூத்த நிரலர்:
ஆக, குற்றம் கோடூவுடையதுதான். இஃப் அடுக்கில் இது நேர்ந்திருக்குமா?

குகைக்காரர்:
நேர்ந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழாவது இஃப் எங்கே மூடுகிறது என்று தேடியே எனக்குக் கண் பூத்திருக்கிறது.

இருபதாவது வளைவு, ஏற்காடு:
கீழே தாவுவதும் மேலே தாவுவதும் ஒன்றல்ல. பாதுகாப்பான சி நிரலுக்கான மிஸ்ரா (MISRA) விதிகளின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு கோடூவைத் தவிர்க்கச் சொன்னாலும், எழுதுவோர் கீழ்நோக்கி மட்டுமே தாவ வேண்டும் என்கிறது. மேலே தாவும் கோடூவைப் படிப்பவர், எங்கள் மலைப்பாதையில் பனிமூட்டத்தில் வண்டி ஓட்டுபவரைப் போல, எத்தனையாவது வளைவில் இருக்கிறோம் என்றே அறியமாட்டார்.

ஜவ்வரிசிக்காரன், சேலம்:
ரிட்டர்ன் சேர்த்தேன், சரியாகிவிட்டது. மூட்டை ஏற்றுகிறார்கள். நன்றி.

குகைக்காரர்:
போர்ட் வேகத்தையும் ஒருமுறை பார்த்தீர்களா?