இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்ல, திரும்ப கியர் வண்டி ஓட்ட முடியுமா?

ஒண்ணரைக்கால்:

வணக்கம் மக்களே. ஆக்சிடென்ட்ல இடது கால் முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க, மூட்டு தப்பிச்சிருச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, செயற்கைக் கால் மாட்டி நல்லாவே நடக்குறேன், படி ஏறுறேன், வேலைக்குப் போறேன், ஆனா வண்டி மட்டும் கவர் போட்டு அப்படியே நிக்குது. டாக்டர்ட்ட கேட்டா "எதுக்குங்க ரிஸ்க்கு, கார் ஓட்டுங்களேன்"ங்கறாரு, ஃப்ரெண்ட்ஸ்ட்ட கேட்டா "மச்சி நீ ஓட்டுவடா"ங்கறானுங்க. ரெண்டு பதிலும் எனக்கு உதவல.

போன வாரம் ஸ்டாண்டு போட்ட வண்டில சும்மா உக்காந்து பாத்தேன். கியர் லிவருக்கு அடியில பாதம் போகவே மாட்டேங்குது, எப்படியோ நுழைச்சாலும் கணுக்கால் மடங்காததால தூக்கணும்னா தொடையோட சேத்து மொத்த காலையும் தூக்கணும். இன்னொண்ணு, கால் ஃபுட்ரெஸ்ட் மேல இருக்கா, வழுக்கி கீழ தொங்குதான்னே தெரியல, குனிஞ்சு பாத்தாதான் தெரியுது. ஓடுற வண்டில எங்க குனியிறது.

இதே நிலைமைல ஓட்றவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. கியருக்கு என்ன பண்ணீங்க, மொதல்ல எதுல ஆரம்பிச்சீங்க? தைரியம் சொல்றவங்க தயவுசெஞ்சு வேணாம், அது ஸ்டாக் நெறைய இருக்கு.

ஹீல்டோ:

தம்பி, எனக்கும் இடது, எனக்கும் முழங்காலுக்குக் கீழதான். ஓட்டிட்டிருக்கேன், அதனால முடியுமான்ற கேள்விய விட்ருவோம்.

கியருக்கு ரொம்ப சிம்பிளான வழி முன்னாடியும் பின்னாடியும் மிதிக்கிற நீள லிவர். மேல தூக்குற வேலையே கிடையாது, கியர் ஏத்தணும்னா குதிகாலால பின்பக்கம் ஒரு மிதி, இறக்கணும்னா முன்பக்கம் ஒரு மிதி. சில வண்டில எல்லா கியரும் முன்னாடி மிதிச்சே ஏறும், அதுல இது அப்படியே தலகீழ், அதனால உன் வண்டி பேட்டர்ன் என்னன்னு பாத்துட்டு மாட்டு. லிவர் உயரத்தையும் உன் ஷூ தடிமனுக்கு ஏத்த மாதிரி மெக்கானிக்க வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. அது ஒத்துவரலன்னா பட்டன் ஷிஃப்டர் இருக்கு, கிளிக்ட்ரானிக், பிங்கெல் மாதிரி கம்பெனிங்க பண்றாங்க, ஹேண்டில்பார்ல பட்டன அமுக்குனா ஒரு சின்ன மோட்டாரோ காத்தழுத்தமோ லிவர தள்ளிவிடும்.

கால் வழுக்குறதுக்கு நான் ஃபுட்ரெஸ்டோட வெளிப்பக்க நுனில ஒரு சின்ன தடுப்பு வெல்ட் பண்ணிருக்கேன், ஷூ அதுல முட்டி நிக்கும், எடுக்கணும்னா பின்னாடி இழுத்தா வந்துரும். எந்தக் காரணத்துக்கும் கால வண்டியோட பெல்ட் போட்டுக் கட்டிறாத. விழுந்தா வண்டி உன்னையும் இழுத்துட்டுப் போகும்.

ஆனா நீ கேக்காத ஒண்ணத்தான் நான் முக்கியமா சொல்லணும். ஓட்றது பிரச்சனையே இல்ல தம்பி, நிறுத்துறதுதான் பிரச்சனை. இத்தனை வருஷமா சிக்னல்ல இடது காலதான ஊனியிருப்ப? உடம்பு அத மறக்காது, நீ யோசிக்கிறதுக்குள்ள இடது கால் கீழ போயிரும், அங்க மணலோ எண்ணெயோ இருந்தா வழுக்குதுன்னு உனக்குத் தெரியவே தெரியாது, வண்டி சாய்ஞ்சப்புறம்தான் தெரியும். அதனால வலது கால ஊனப் பழகணும். அப்ப பின் பிரேக்ல கால் இருக்காது. சமதரைல அது ஒண்ணும் இல்ல, மேட்டுல நின்னு கெளம்பும்போதுதான் வேடிக்கை, வலது கை ரெண்டு விரல் முன் பிரேக்க புடிச்சிட்டே மிச்ச விரலும் உள்ளங்கையும் ஆக்சிலேட்டர முறுக்கணும், இடது கை கிளட்ச்ச மெல்ல விடணும். இது கைவராம ரோட்டுக்குப் போகாத. காலி கிரவுண்டுல நில்லு, கெளம்பு, நில்லு, கெளம்பு, சலிச்சுப் போற வரைக்கும் இதே வேலைதான்.

கியரில்லாதவன்:

எதுக்கு இவ்ளோ தலைவலி? ஸ்கூட்டர் எடுங்க, கிளட்ச் இல்ல கியர் இல்ல, கால் வைக்க தட்டையா இடம் இருக்கு. எலக்ட்ரிக் பைக்கும் பெரும்பாலும் அப்படித்தான். ஈகோவ விட்டா முடிஞ்சுது.

ஹீல்டோ:

பழகுறதுக்கு ஸ்கூட்டர் நல்ல யோசனைதான், நிறுத்திப் பழக அத விட பெட்டர் எதுவும் இல்ல, இத நானே சொல்லிருக்கணும். ஆனா அவரு கேட்டது கியர் வண்டி, அதுல ஈகோ எங்க வந்துச்சுன்னு புரியல. ஃபுட்லிவரே வேணாம்னா ஹோண்டாவோட டிசிடின்ற ஆட்டோ கியர்பாக்ஸ் 2010லயே விஎஃப்ஆர் 1200 பைக்ல வந்துருச்சு, கிளட்ச் லிவர் கிடையாது, கியர் தானா மாறும், வேணும்னா கை பட்டன்லயும் மாத்தலாம். யமஹா 2024ல எம்டி-09ல ஒய்-ஏஎம்டின்னு விட்டதும் அதே கதைதான், கிளட்ச் லிவரும் இல்ல ஃபுட்லிவரும் இல்ல. அதே வருஷம் வந்த ஹோண்டா இ-கிளட்ச்ச இதோட கொழப்பிக்காதீங்க, அதுல கிளட்ச் மட்டும்தான் ஆட்டோ, கியர் கால்லதான் போடணும். இடது கை போனவங்களுக்கு அது வரம், இவருக்கு பிரயோஜனம் இல்ல.

சாக்கெட்காரன்:

நான் செயற்கைக் கால் செய்யிற ஆள். எல்லாரும் வண்டிய மாத்துறதப் பத்தியே பேசுறீங்க, கால் பக்கமும் கொஞ்சம் பாருங்க.

நடக்குறதுக்கு செஞ்ச சாக்கெட், அதாவது ஸ்டம்ப் (மிச்சமிருக்குற கால்) உள்ள போற கூடு, வண்டில உக்காரும்போது ஒத்துழைக்காது. முழங்கால் நல்லா மடங்குனா சாக்கெட்டோட பின்விளிம்பு முட்டிக்குப் பின்னாடி சதைய கவ்வும், ஒரு மணி நேரம் அப்படியே ஓட்டிட்டு இறங்குனா அங்க செவந்து தோல் உரிஞ்சிருக்கும், அப்புறம் பல நாள் காலே மாட்ட முடியாது. உங்களுக்குக் கால் செஞ்சவர்ட்ட வண்டில உக்காந்து எடுத்த போட்டோவக் காட்டுங்க, முடிஞ்சா வண்டியவே கொண்டு போங்க, பின்விளிம்ப எவ்வளவு இறக்கலாம்னு அவர் சொல்லுவார். நீங்களா தேய்ச்சுறாதீங்க, அந்த விளிம்பு கொஞ்சம் இருந்தாத்தான் ஸ்டம்ப் உள்ள சரியா உக்காரும்.

ஷூ விஷயத்த யாரும் சொல்லல. செயற்கைப் பாதம் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்குத்தான் செட் பண்ணிருப்பாங்க. ரைடிங் பூட்ல குதிகால் உசரம்னா மொத்த காலும் முன்னாடி சாயும், நிக்கும்போது முழங்கால யாரோ தள்ளுற மாதிரி இருக்கும், நீங்க வண்டி மேல பழி போடுவீங்க. அதோட கணுக்கால் மடங்காததால முழு பூட்டுக்குள்ள பாதம் போறதே பெரும்பாடு, பக்கவாட்டுல கீழ வரைக்கும் ஜிப் இருக்குறதா பாத்து வாங்குங்க.

வெயில்ல வேர்த்தா லைனர் (ஸ்டம்ப் மேல மாட்டுற உறை) வழுக்கும், ஸ்டம்பும் நாள் போகப் போகக் கொஞ்சம் சுருங்கும், கால் லூசாகும். வண்டில கால் தொங்குறப்போ அந்த லூசுதான் ஆபத்து. உபரி லைனரும் ரெண்டு மூணு ஸ்டம்ப் சாக்ஸும் வண்டிலயே இருக்கட்டும், நிறுத்தி துடைச்சு மாத்திக்கலாம். எஞ்சின் அதிர்வுல சிலருக்கு இல்லாத கால்ல வலி கிளம்பும், சிலருக்கு ஒண்ணுமே ஆகாது, அது ஓட்டிப் பாத்தாதான் தெரியும்.

ஒத்தைக்கிளட்ச்:

நான் கை கேஸ், இடது முழங்கைக்குக் கீழ இல்ல. இந்த இழைய வேற வேற ஆளுங்க படிப்பாங்கன்னு சொல்றேன். கை போனவங்க ஒரு விஷயத்துல பிடிவாதமா இருங்க, செயற்கைக் கை ஹேண்டில்பார புடிக்கவும் செய்யணும், விழும்போது தானா கழலவும் செய்யணும். 1969ல அமெரிக்க கிராண்ட் நேஷனல் பைக் ரேஸ் சாம்பியன் ஆன மெர்ட் லாவில், கை இழந்த ரைடர்களுக்காகவே அப்படி ஒரு கை வடிவமைச்சாரு. கொக்கி மாட்டி ஓட்றேன்னு எவனாவது சொன்னா கேக்காதீங்க.

வலது கால் போனவங்களுக்கு பின் பிரேக்தான் தலைவலி, எவ்வளவு மிதிக்கிறோம்னே தெரியாது. அதுக்கு இடது கட்டைவிரல்ல ஒரு சின்ன பிரேக் லிவர் வைக்கலாம். பைக் ரேஸர் மிக் டூஹன் 1992ல நெதர்லாந்து அஸன் டிராக்ல விழுந்து வலது கால் போற நிலைமைக்கு வந்தாரு, கால் தப்பிச்சுது ஆனா கணுக்கால் சரியா வேலை செய்யல, அப்புறம் கட்டைவிரல் பிரேக் வச்சிக்கிட்டுதான் 94லேந்து 98 வரைக்கும் அஞ்சு தடவ தொடர்ந்து 500சிசி உலக சாம்பியன். முழங்காலுக்கு மேல போனவங்க மைக் ஷுல்ட்ஸ தேடிப் பாருங்க, 2008ல பனி வண்டி ரேஸ்ல இடது கால் போச்சு, சைக்கிள் ஷாக் அப்சார்பர வச்சு தானே ஒரு முட்டி செஞ்சு மோட்டோகிராஸ் ஓட்டுனவரு.

அப்புறம் பேப்பர் வேலை. வண்டில எத மாத்துனாலும் லைசென்ஸ் குடுக்குற ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் எழுத்துல சொல்லி எழுத்துலயே பதில் வாங்குங்க. எனக்கு ஒரு இன்சூரன்ஸ்ல ஃபோன்ல "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்"னு சொல்லிட்டு க்ளெய்ம் வந்தப்ப கையில்லாத ஆளான்னு கேட்டாங்க.

ஒண்ணரைக்கால்:

எல்லாருக்கும் நன்றி. சாக்கெட்காரன் சார், அந்தப் பின்விளிம்பு மேட்டர் நூத்துக்கு நூறு, சும்மா உக்காந்ததுக்கே அங்க செவந்திருந்துச்சு, நான் புதுசா ஏதோ அலர்ஜின்னு நெனச்சேன். ஹீல்டோ அண்ணா, முதல்ல ஸ்கூட்டர்ல வலது கால் ஊனிப் பழகுறேன், அப்புறம் லிவர். இன்னும் ஒரே ஒரு டவுட், சைடு ஸ்டாண்டு இடது பக்கம்தான இருக்கு, அத எப்படித் தள்றீங்க?

ஹீல்டோ:

ஸ்டாண்டுல சின்னதா ஒரு கம்பி நீட்டி வெல்ட் பண்ணிக்கோ, குதிகாலால தட்டுனா போதும். முழுசா விழுந்துருச்சான்னு குனிஞ்சு பாத்துட்டு அப்புறம் வண்டிய சாய். ஏறும்போதும் இறங்கும்போதும் ஸ்டாண்டு போட்டபடியே இருக்கட்டும், ஏன்னா இடது பக்கம் நின்னு வலது கால வீசுற நேரத்துல மொத்த வெயிட்டும் ஸ்டம்ப் மேலதான். ஸ்கூட்டர் யாரோடதாவது இரவல் வாங்கு, புதுசுல கீறல் விழுந்தா வீட்ல பேச்சு வாங்கணும்.