புதுப்பிப்பு: கொல்லையில் அடுக்கிய வாகைப் பலகை, 10 மாதம் கழித்து

ஆடிக் காற்றில் மேலூர் வீட்டுக் கொல்லையில் சாய்ந்த வாகையை விறகுக்குக் கொடுக்காமல் பலகையாக அறுத்துக் காய வைக்கலாமா என்று கேட்டிருந்தேன் இல்லையா? அறுத்தாச்சு. மில்லில் ஒன்றரை அங்குலமாகப் போட்டார்கள். அந்தத் தூளுக்கு நாங்கள் போட்ட தும்மல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கல் வைத்து, பலகைக்குப் பலகை முக்கால் அங்குல ரீப்பர் (இடைவெளிக்கு வைக்கும் மரச்சட்டம்) கொடுத்து, மேலே மட்டும் தகரம் போட்டேன். ரீப்பர்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நேராக நிற்க வேண்டும் என்று சொன்னீர்கள், அடிவரிசையில் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன், அந்த இரண்டு பலகையும் இப்போது முறம் மாதிரி வளைந்து கிடக்கின்றன. பலகை முனைகளின் வெட்டுமுகத்துக்குப் பெயிண்ட் அடிப்பதிலும் நாலு நாள் தாமதம். அதற்குள் ஒரு சாண் வெடிப்பு.

ஒரு துண்டை மாதாமாதம் தராசில் வைத்தேன். 3 கிலோ 400 இருந்தது பங்குனியில் 2 கிலோ 300 ஆனது, அப்புறம் இரண்டு மாதமாக இறங்கவே இல்லை. சரி, காய்ந்துவிட்டது.

வெளிறு (பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதி) மட்டும் உளுத்துப் பொடி கொட்டுகிறது, வைரத்தை (நடுவிலுள்ள கெட்டியான பகுதி) ஒன்றும் தொடவில்லை. வெளிறைச் சீவித் தள்ளிவிடலாம் என்கிறார் ஆசாரி. அகலமான பலகை ஒன்றை ஊஞ்சலுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், சங்கிலிதான் இன்னும் வாங்கவில்லை.